படிவத்துக்கு லோயர் வேண்டாம், படிவத்தைத் திறக்க முதல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், "சிற்றிசன் எடுக்க லோயருக்கு ஏன் காசு குடுக்கிறியள்? ஒரு பின்னேரத்திலை நானே போட்டனான்" என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைத் திருப்பினால் மறுபக்கம் முழுக்க ஒரு விளம்பரம்: "கனடியக் குடியுரிமை. நூறு வீதம் வெற்றி." கோட் போட்ட ஒருவரின் படம், இரண்டு தொலைபேசி இலக்கம், பின்னால் ஒரு பெரிய மேப்பிள் இலை. இரண்டையும் வாசித்துவிட்டு மூன்று நாள் யோசித்தேன். பிறகுதான் பேனையை எடுத்தேன். அந்த வாசகர் எழுதியதை அவரைவிடச் சத்தமாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

என் பெயரைப் போட வேண்டாம். காரணம் கீழே வரும்.

ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இரவு வேலை செய்தேன். ஓய்வெடுத்து மூன்று வருடம். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் குசினி மேசையில் யாராவது ஒருவருடைய படிவம் விரிந்திருக்கும். சொந்தக்காரர், கோயிலில் பழக்கமானவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று இதுவரை முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. வாங்கவும் கூடாது. காசு வாங்கிக்கொண்டு குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்வதென்றால் சட்டத்தரணியாகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது குற்றம். வைகாசி மாதத்தில் சிலர் கொண்டுவரும் மாம்பழப் பெட்டி காசில் சேராது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த வாசகர் சொன்ன சரியான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். படிவம் கஷ்டமில்லை. கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் உடலோடு இருந்திருக்க வேண்டும். பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைக்க முதல் இங்கே சட்டப்படி இருந்த நாட்களை அரைநாளாகக் கணக்கெடுக்கலாம், ஆனால் அது 365 நாளுக்கு மேல் போகாது. வரி கட்டவேண்டியவர் என்றால் அந்த ஐந்தில் மூன்று வருடத்துக்காவது வரிப்பத்திரம் போட்டிருக்க வேண்டும். 18 வயதிலிருந்து 54 வயது வரைக்கும் பரீட்சையும் மொழிச் சான்றும் உண்டு. பரீட்சையில் இருபது கேள்வி, பதினைந்து சரி வர வேண்டும். படிக்க வேண்டிய கையேட்டை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. இதில் சட்டத்தரணியின் மூளை தேவைப்படும் இடம் ஒன்றுமே இல்லை.

இது தெரியாததால் சனம் இழக்கும் காசு கொஞ்சமல்ல. 67 வயதான ஒரு அம்மாவிடம், ஆங்கிலம் தெரியாததற்கு விலக்கு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 400 டொலர் வாங்கியிருந்தார். 55 வயது தாண்டினால் விலக்கு என்று ஒன்றைக் கேட்கவே தேவையில்லை, அவர்களுக்குப் பரீட்சையும் இல்லை, மொழிச் சான்றும் இல்லை. இன்னொரு பிள்ளை காசு கட்டி ஆங்கிலப் பரீட்சை எழுதப் போனாள். அரசாங்கம் இலவசமாக நடத்தும் லிங்க் ஆங்கில வகுப்பில் நான்காம் மட்டம் முடித்த சான்றிதழ் அவளுடைய லாச்சிக்குள் கிடந்தது. அதுவே போதும்.

நானும் மனைவியும் 1998இல் விண்ணப்பித்தோம். அப்போது ஆளுக்கு 200 டொலர்தான். (பரிசீலனைக் கட்டணம் மட்டும் 2014இல் 100இலிருந்து 300 ஆகி, அடுத்த தை மாதமே 530 ஆனது. குடியுரிமை உரித்துக் கட்டணத்தோடு சேர்த்து இன்றைக்கு ஒருவருக்கு 650 டொலரை ஒட்டிப் போகிறது.) அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து நிரப்பினோம். விண்ணப்பம் போகவேண்டிய ஊராகக் கடிதவுறையில் "சிட்னி" என்று எழுதும்போது, "என்ன, அவுஸ்திரேலியாவுக்கோ அனுப்புறியள்?" என்று மனைவி கேட்டா. நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பரீட்சைக்குக் கூப்பிட்டது அடுத்த வருடம் வைகாசியில். நாங்கள் பாடமாக்கிய கையேட்டில் கனடாவுக்குப் பிரதேசம் இரண்டு. 1999 ஏப்ரல் 1ஆம் திகதி நுனவுட் பிறந்து அது மூன்றாகிவிட்டது. பஸ்ஸில் போகும்வரைக்கும் இரண்டா மூன்றா என்று எங்களுக்குள் சண்டை. கடைசியில் அந்தக் கேள்வியே வரவில்லை.

ஆகவே லோயர் இல்லாமல் போடலாம் என்பது எனக்கு அனுபவத்தில் தெரிந்த விசயம். அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டதுதான் என் பிழை.

இடையில் எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு தடக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. வந்திறங்கிய அன்று அதிகாரி அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டார். அதனால் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமும் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அப்பா வாழ்நாளில் வடமராட்சியை விட்டு வெளிக்கிடாத மனிசன். அவருடைய பெயரில் இங்கே ஒரு லொக்கரும் ஒரு ஓய்வூதியக் கணக்கும் இருந்தன. படிவம் நிரப்பும்போது பி.ஆர். அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட, கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக் குறைய என்று இருந்தால் நாங்களாக "திருத்தி" எழுதக்கூடாது. வித்தியாசத்தைச் சொல்லி ஒரு விளக்கக் கடிதம் வைத்தால் போதும். இதற்கும் லோயர் தேவையில்லை, பொறுமை இருந்தால் காணும்.

இனி மச்சாளின் கதை. மனைவியின் தங்கச்சி. 2016 மாசியில் கணவன் ஸ்பொன்சர் செய்து வந்தவ. தாய்க்குச் சுகமில்லாமல் இரண்டு தடவை யாழ்ப்பாணம் போய் மாதக்கணக்கில் நின்றவ. 2020 தொடக்கத்தில் எனக்குத் தெரியாமல், ஒரு பிளாஸாவின் மேல்மாடியில் இருந்த ஒருவரிடம் போய்விட்டா. வருமான வரி, வீட்டுக் கடன், விசா, சிற்றிசன் எல்லாம் அந்த ஒரே அறைக்குள். 1,600 டொலர், காசாக, பற்றுச்சீட்டு இல்லை. படிவத்தில் பிரதிநிதி யாரும் உண்டா என்று கேட்கும் இடத்தில் "இல்லை" என்று போட்டிருந்தார் அந்த மனிசன். "அப்பிடிப் போட்டால்தான் கெதியா வரும்" என்றாராம். அதன் கருத்து, பிழைத்தால் அவர் அதில் இல்லை, கையெழுத்து மச்சாளுடையது.

அவருடைய கணக்கில் மச்சாளுக்கு 1,102 நாள். ஏழு நாள் மிச்சம். ஆனால் 2018 ஆவணியில் லண்டனில் நடந்த ஒரு கலியாணத்தை அவர் கேட்கவுமில்லை, மச்சாள் சொல்லவுமில்லை. 3ஆம் திகதி வெளிக்கிட்டு 17ஆம் திகதி திரும்பினா. போன நாளும் வந்த நாளும் கனடாவில் இருந்த நாளாகவே எண்ணப்படும், ஆகவே இல்லாத நாள் 13. 1,102இல் 13 போக 1,089. ஆறு நாள் குறை. நேர்முகத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி லண்டன் விசா ஒட்டியிருந்த பக்கத்தில் நிறுத்தினாராம். அந்த 1,600 போனது, பரிசீலனைக் கட்டணம் 530 போனது, ஒன்றரை வருடமும் போனது. ஒரு கிழமை பொறுத்துப் போட்டிருந்தால் ஒன்றும் வந்திராது.

இரண்டாம் முறை எங்கள் மேசையில் இருந்து போட்டோம். நாள் எண்ணுவதுதான் இந்த விண்ணப்பத்தின் உண்மையான வேலை, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கனடாவை விட்டுப் போகும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. திரும்பி வரும்போதும் பி.ஆர். உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் குத்துவதில்லை. எனவே கையில் இருப்பது கட்டுநாயக்காவில் குத்தியது மட்டும். எங்கள் ஆட்கள் அந்தத் திகதியையே "போன திகதி" என்று எழுதிவிடுவார்கள். ரொறன்ரோவில் வெளிக்கிட்டது 8ஆம் திகதி இரவு, இடையில் ஒரு விமான நிலையத்தில் அரைநாள், கட்டுநாயக்காவில் இறங்கியது 10ஆம் திகதி. முத்திரையைப் பார்த்து எழுதினால் கனடாவில் இல்லாத நாள் இருந்த நாளாகிவிடும். இப்படி ஐந்து பயணத்துக்கு எழுதினால் பத்து நாள் வரை பிழைக்கும். மச்சாளின் முத்திரை ஒன்றில் மை ஊறி 1ஆ 7ஆ என்றே தெரியவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. கடைசியில் விமான ரிக்கெட் வந்த மின்னஞ்சலையும் வங்கி அட்டைக் கணக்கையும் எடுத்துவந்து பொருத்தினோம். எல்லைச் சேவைகளிடம் எங்கள் பயணப் பதிவைக் கேட்டு எடுக்கலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கணக்கு முடிந்தபின் 40 நாள் மேலதிகமாக இருக்கும்வரை கையெழுத்துப் போட நான் விடவில்லை. குறைந்த அளவுக்கு மேலே சில நாட்களை வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள் என்று அரசாங்கமே சொல்கிறது.

2023 பங்குனியில் மச்சாள் எங்கள் வீட்டு இருக்கையறையில், கணினிக்கு முன்னால், மன்னர் சார்ள்ஸின் பெயரில் சத்தியப்பிரமாணம் எடுத்தா. பி.ஆர். அட்டையைக் கமராவுக்குக் காட்டி வெட்டச் சொன்னார்கள். கத்தரிக்கோல் தேடி ஆளுக்காள் ஓடி, கடைசியில் மீன் வெட்டும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தோம். எல்லாரும் கைதட்டினோம்.

அன்று கைதட்டியவர்களில் ஒருவன் எங்கள் ஊர்ப் பெடியன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். 2010இல் வந்து அகதிக் கோரிக்கை வைத்து, 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2015இல் பி.ஆர். எடுத்தவன். கேக் வெட்டி முடிய என்னிடம் வந்து, "அண்ணை, எனக்கும் போடுவமோ? ஒருக்கா லோயரிட்டைக் காட்டிப்போட்டுப் போடட்டோ?" என்று கேட்டான். நான் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. "உனக்கென்ன விசரோ? நாள் தாராளமாக் கிடக்கு, ஒரு கேஸும் இல்லை. அந்தக் காசைப் பிள்ளைக்குச் சேர்த்து வை."

இரண்டு கிழமையில் அவனும் நானும் இருந்து நிரப்பினோம். அவனுக்கு ஆங்கிலத்தில் தட்டுவது மெதுவு, அதனால் நானே தட்டினேன். பயணங்கள் எழுதும் இடத்தில் சென்ற நாடு, காரணம் என்று கேட்கும். 2018, ஸ்ரீலங்கா, தந்தையின் மரணம். 2022, ஸ்ரீலங்கா, சகோதரியின் திருமணம். இவ்வளவையும் என் விரலால் தட்டினேன். இரண்டு பயணமும் 2017இல் ரொறன்ரோவில் இருக்கும் ஸ்ரீலங்காத் துணைத் தூதரகத்தில் புதுப்பித்த கடவுச்சீட்டில்.

சட்டம் தெரிந்த வாசகர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றிருக்கும். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

விசயம் இதுதான். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர், எந்த நாட்டுக்குப் பயந்து ஓடிவந்தாரோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்தால், அதிலும் அந்த நாட்டுக்கே போய்வந்தால், "இவருக்கு இனி எங்கள் பாதுகாப்புத் தேவையில்லை" என்று சொல்லி அகதிப் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவரும்படி அரசாங்கம், அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் அகதிச் சபையிடம் கேட்கலாம். இது முன்பும் இருந்தது. ஆனால் பி.ஆர். எடுத்துவிட்டால் பயமில்லை என்று இருந்தது. 2012 மார்கழியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மாற்றிவிட்டது. இந்தக் காரணத்தால் பாதுகாப்புப் போனால் பி.ஆரும் அதோடு சேர்ந்து தானாகப் போய்விடும். பி.ஆர். எடுத்துப் பத்து வருடமானாலும் ஒன்றுதான். சிற்றிசன் ஆகிவிட்டவரை இது தொடாது. ஆனால் சிற்றிசன் ஆவதற்கான விண்ணப்பத்திலேயே எங்கெங்கே போனாய் என்று நாங்கள் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அது பொய், கண்டுபிடித்தால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, பிறகு தெரியவந்தால் கொடுத்த குடியுரிமையையே பறிக்கலாம்.

தம்பி 2024 தையில் பரீட்சை எழுதி இருபதுக்குப் பதினெட்டு எடுத்தான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இணையத்தில் பார்த்தால் "பரிசீலனையில்" என்றே நின்றது. குடியுரிமை விண்ணப்பத்தை இடையில் நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். 2025 மாசியில் ஒரு தடித்த கடிதவுறை வந்தது. அவன் அதைத் திறக்காமல் என்னிடம் கொண்டுவந்தான். நான் திறந்தேன். அவனுடைய அகதிப் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவரக் கேட்கும் மனு அது. நாலாம் பக்கத்தில், நான் தட்டிய அந்த இரண்டு வரியும் சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது.

இப்போது லோயர் இருக்கிறார். கட்டிய காசு எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது, விசாரணை இன்னும் நடக்கவில்லை. முதல் நாள் நானும் கூடப் போனேன். அவ ஒரு தமிழ்ப் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும். "ஃபோம் போட முதல் உங்களிட்டை வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அங்கிள், கேஸ் வந்தே இராது எண்டு நான் சொல்ல மாட்டன். பி.ஆர். கார்ட் புதுப்பிக்கேக்கையும் இது வெளியிலை வரலாம். ஆனால் ரெண்டாவது பயணத்துக்கு முதலே வந்திருந்தால், போக வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன். அப்பாவின்ரை மரண அத்தாட்சி, ஆஸ்பத்திரிக் கடிதம், அங்கை எந்த வீட்டிலை ஒளிச்சு நிண்டவர் எண்டதுக்குச் சாட்சி எல்லாத்தையும் சூடு ஆற முதல் எடுத்திருப்பம். அதுக்குப் பிறகு இப்ப போடுறதோ விடுறதோ எண்டு முடிவெடுத்திருப்பம்" என்றா.

2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இப்படியான வழக்குகளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: இப்படிப் போனால் அந்தஸ்து போகும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், யாரிடமிருந்து ஆபத்து, போன இடத்தில் எப்படித் தன்னைப் பாதுகாத்துக்கொண்டார் என்று. தம்பி செத்தவீட்டுக்குக்கூடச் சுடலை வரைக்கும் போகாமல் சின்னம்மா வீட்டின் பின் அறையில் இருந்தவன். அதை நிரூபிக்க அவனிடம் இன்றைக்கு இருப்பது சின்னம்மாவின் வாய்ச்சொல் ஒன்றுதான். அவவுக்கு வயது 81.

அந்த வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஐயா, நீங்கள் ஒரு பின்னேரத்தில் போட்டது உண்மையாக இருக்கும். நீங்கள் திறமைக்குடியேற்றத்தில் வந்தவரோ, ஸ்பொன்சரில் வந்தவரோ எனக்குத் தெரியாது. அப்படி வந்த பெரும்பாலானவர்களுக்கு லோயருக்குக் கொடுக்கும் காசு தண்டம்தான். ஆனால் உங்கள் கடிதத்தை வாசிக்கும் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் வேறு கதவால் வந்தவர்கள். அவர்களுக்குப் படிவம் நிரப்ப ஆள் தேவையில்லை, படிவத்தைத் திறக்கலாமா என்று சொல்ல ஆள் தேவை. அகதியாக வந்து ஊருக்குப் போனவர்கள், போகாவிட்டாலும் ஊர்க் கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் கட்டாயம் போங்கள். பொலிஸ் கேஸ் ஒன்று நடந்துகொண்டிருந்தாலும், நன்னடத்தைக் காலத்தில் இருந்தாலும் போங்கள். குடித்துவிட்டுக் கார் ஓடியதை எங்கள் பெடியள் "ரிக்கெட்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். 2018 மார்கழிக்குப் பிறகு அதற்கான உச்சத் தண்டனை பத்து வருடம், பி.ஆருக்கே ஆபத்து வரலாம். முந்தி எப்போதாவது குடிவரவுப் படிவத்தில் கலியாணத்தையோ பிள்ளையையோ மறைத்து எழுதியவர்களும் போக வேண்டும். அவர்களுடைய பழைய கோப்பை அதிகாரி மறுபடி திறந்து பார்ப்பது இந்த விண்ணப்பத்தில்தான்.

போவதென்றால் ஒரு மணித்தியால ஆலோசனைக்கு மட்டும் காசு கட்டலாம், முழு வேலையையும் கொடுக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு இது தெரியாது, லோயரிடம் போனால் ஆயிரக்கணக்கில் முடியும் என்று பயந்து பிளாஸா மாடியில் ஏறுகிறார்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் கேட்டால் அரை மணித்தியாலம் வரை இலவசமாகக் கதைக்க ஒரு சட்டத்தரணியின் பெயர் தருவார்கள். போகும்போது எல்லாப் பழைய கடவுச்சீட்டையும், தரையிறங்கிய பத்திரத்தையும், அகதிச் சபையின் தீர்ப்பையும் கொண்டுபோங்கள். எங்கள் ஆட்கள் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் தொலைக்கிறார்கள். தொலைந்திருந்தால் அரசாங்கத்திடம் உங்கள் கோப்பின் பிரதியைக் கேட்டு எடுக்கலாம், தகவல் அறியும் சட்டத்தில் அதற்குக் கட்டணம் 5 டொலர். தம்பியிடம் நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய ஐந்து டொலர்.

இப்போதும் சனிக்கிழமைகளில் ஆட்கள் வருகிறார்கள். கணினியைத் திறக்க முதல் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்பிடி வந்தனீங்கள்?" சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஒரு ஐயா, "உனக்கேன் அந்தக் கதை, நீ நிரப்பு" என்று எழும்பிப் போய்விட்டார். போகட்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகை இலவசம், விளம்பரத்தில்தான் ஓடுகிறது, அது எனக்கு விளங்கும். விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. குடிவரவு, குடியுரிமை என்று விளம்பரம் தருபவர்களிடம், சட்டத்தரணி என்றால் சட்டச் சங்கத்தில் அவர் பெயர் எப்படிப் பதிந்திருக்கிறது என்றும், ஆலோசகர் என்றால் அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பான குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியின் பதிவு இலக்கம் என்ன என்றும் கேட்டு, அதையும் தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். 2021 கார்த்திகையில் அந்தக் கல்லூரி வேலையைத் தொடங்கியதிலிருந்து அதன் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம், உங்கள் அலுவலகத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை. இலக்கம் தர மாட்டேன் என்று சொல்பவரின் அரைப்பக்கத்துக்கு இந்தக் கிழமை என் கடிதத்தைப் போடலாம், இடம் சரியாக வரும்.

தம்பியின் விசாரணை ஐப்பசியில். அதுவரை என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர்